பாவாத்தாள் அனுப்பாத பெஞ்சு

வேலங்காட்டுப்புதூரில் மருதாசலத்துக்குக் கை நீளம் என்று சொன்னால் யாரும் அவனைத் திருடன் என்று நினைக்கமாட்டார்கள். அடுத்தவன் பொருளில் ஒரு தேங்காய் மட்டையைக்கூடத் தொடமாட்டான். அவன் கை நீண்டால் எதிரே நிற்பவனின் கன்னத்துக்குத்தான் ஆபத்து. கிணத்துக்கடவிலிருந்து மேற்கே, தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து போகிற ரோட்டில் அந்த ஊர் இருக்கிறது. ஊரைத் தாண்டி, வாய்க்காலையும் தாண்டினால் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் குடியிருப்பான வளவு. மருதாசலம் அங்கே பிறந்தவன். மண்ணில் நட்டுவைத்த இரும்புப் பாரையில் நாள் முழுக்கத் தேங்காய் உரிப்பது அவன் பிழைப்பு. அப்படி முறுக்கேறிய கை, வாய் ஒரு சொல் சொல்வதற்குள் தன் வேலையை முடித்துவிடும்.

அந்தக் கை அவனுக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். அவன் சிறுவனாக இருந்தபோது, அவன் அப்பன் ஏதோ ஞாபகத்தில் செருப்புக் காலோடு தோட்டத்து வீட்டு வாசலைக் கடந்துவிட்டார். தோட்டத்துச் சொந்தக்காரரை வளவில் பண்ணாடி என்பார்கள். அப்போதிருந்த பண்ணாடி அவரைத் தென்னை மரத்தில் கட்டச் சொல்லி, அந்தச் செருப்பாலேயே அடித்தார். "தெரியாமச் செஞ்சுபோட்டேன் சாமி, தெரியாமச் செஞ்சுபோட்டேன் சாமி" என்று அப்பன் கத்தியதை மகன் நின்று கேட்டான். அவிழ்த்து விட்டதும் அப்பன் நேராக வீட்டுக்கு வந்தார். சோற்றில் உப்பில்லை என்று சொல்லி அம்மாவைப் போட்டு மிதித்தார். மீசை முளைத்த வருஷம் மருதாசலம் அப்பனை அடித்தான். பிறகு பாவாத்தாளைக் கட்டிக்கொண்டு வந்து அவளை அடித்தான். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குக் காடு, தோட்டம் என்று எதையாவது விட்டுப் போவார்கள். அந்த வீட்டில் அடிதான் சொத்து.

கதிரேசன் ஊருக்குத் திரும்பியது தொண்ணூற்று ஒன்றில். அவரும் அதே வளவுதான். இளவயதில் பல்லடத்துக்குப் போய் விசைத்தறி ஓட்டி, பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு வந்தவர். ஆள் ஊதினால் பறந்துவிடுவார். ஆனால் அங்கே சங்கத்தில் நின்று நாலு முதலாளிகளோடு பேசிப் பழகியவர். சின்னப் பிள்ளைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். குறுக்கே வரும் நாயைக்கூட "அக்கட்ட போங்க" என்பார் என்று வளவில் அவரைக் கேலி செய்வார்கள். கேலி செய்தாலும் அவர் பேச உட்கார்ந்தால் கூட்டம் கூடும்.

அவர் கை வைத்தது லட்சுமணசாமியின் டீக்கடையில். பஸ் நிற்கிற இடத்தில் இருந்த ஒரே கடை அது. உள்ளே பெஞ்சும் கண்ணாடி டம்ளரும் ஊர்க்காரர்களுக்கு. வளவுக்காரர்களுக்குப் பின்சுவர் ஆணியில் தொங்கும் அலுமினிய டம்ளர். அதை எடுத்து நீட்டினால் லட்சுமணசாமி எட்ட நின்று டீயை ஊற்றுவார். குந்தி உட்கார்ந்து குடித்து, தானே கழுவி, திரும்ப மாட்டிவிட்டு வர வேண்டும். வெட்கங்கெட்ட ஏற்பாடு. அதை ஊரில் ஒருத்தரும் வெட்கம் என்று நினைத்ததில்லை, அதுதான் கொடுமை.

"நாம உள்ள போயி பெஞ்சில உக்காரோணுமுங்க" என்றார் கதிரேசன். "ஏனுங்க, டீ குடுங்கன்னு கேக்கோணும். தள்ளி உட்டா எந்திரிச்சு மறுபடியும் உக்காரோணும். கை ஓங்கக் கூடாது. வாயில சாமி வரக் கூடாது. அடிக்கறவருக்கும் ங்க போடோணும். மருவாதி நம்ம பக்கம் இருக்கற வரைக்கும் அசிங்கம் அவங்க பக்கமுங்க."

சொன்னால் ஆச்சா? அடி விழும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழக வேண்டாமா? அதற்கு ஒத்திகை வைத்தார். மாரியம்மன் கோயில் முன்னால் இரண்டு கல்லின் மேல் ஒரு பலகையைப் போட்டு அதுதான் பெஞ்சு என்றார். பலகையில் நான்கு பேர் உட்காருவார்கள், மற்றவர்கள் அவர்களை வைது, பிடித்துத் தள்ளிப் பார்ப்பார்கள். முதல் ஆளாக உட்கார வந்தவன் மருதாசலம். "மொதல்ல நீங்க பண்ணாடியா இருங்கண்ணா" என்று கதிரேசன் அவனுக்கு எதிர் வேஷம் கொடுத்தார்.

அந்த வேஷம் அவனுக்குப் பிரமாதமாகப் பொருந்தியது. துண்டை உருமாலாகக் கட்டிக்கொண்டு, "எந்திரிடா, எவன்டா உன்னய உள்ள உட்டது?" என்று வந்தான். பெரிய தோப்புக்காரர் கந்தப்பனின் நடையும் கனைப்பும் அப்படியே இருந்தன. வளவே சிரித்தது. இரண்டு பேரைப் பலகையிலிருந்து உருட்டிவிட்டான். அந்த இடத்தில், "நானும் உக்கார்றேனுங்க" என்று பாவாத்தாள் வந்து உட்கார்ந்தாள். அவன் அவளை அடிக்க நினைக்கவில்லை. விளையாட்டுக்குத்தான் கையை ஓங்கினான். அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, பலகையிலிருந்து விழுந்து, மண்ணில் சுருண்டு, "இனி பண்ண மாட்டேனுங்க, உட்ருங்க, இனி பண்ண மாட்டேனுங்க" என்று அழுதாள்.

சிரிப்பு நின்றது. கதிரேசன் அவளை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மருதாசலத்திடம் வந்தார்.

"அண்ணா, நீங்க பெஞ்சுக்கு வர வேண்டாமுங்க."

"ஏன்? என்னையாட்டம் அடி தாங்க எவன் இருக்கறான் இங்க?"

"தாங்குவீங்க. தாங்கிப்போட்டு ஊட்டுக்குப் போயி அதைய அம்மணிகிட்ட எறக்குவீங்க. அதுக்கு நாம டீக்கடைக்கே போக வேண்டியதில்லைங்க. அவங்க என்னைக்கு உங்களைப் போயிட்டு வாங்கன்னு அனுப்பறாங்களோ, அன்னைக்கு வாங்க."

அப்போதே அது எல்லாருக்குமான கட்டளை ஆகிவிட்டது. வீட்டுப் பெண் வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பாத ஆம்பளைக்குப் பெஞ்சில் இடமில்லை. அதுவரை மார்தட்டிக்கொண்டிருந்த பலபேர் அன்று வீட்டுக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனதை வளவுப் பெண்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

மருதாசலத்துக்கு அந்தப் பெஞ்சு வேண்டும். அப்பனைக் கட்டிவைத்த மரத்துக்குப் பதில் சொல்ல அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் அது. வீட்டுக்கு வந்து, "சொல்லு, அனுப்பறேன்னு சொல்லு" என்றான். பாவாத்தாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்றியா இல்லையா?" என்று ஓர் அறை விட்டான். அனுமதியை அறைந்து வாங்கப் பார்த்த மடையன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அவள் சொல்லவில்லை.

மற்றவர்கள் போனார்கள். ஊர்க்காரர்கள் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினார்கள், இவர்கள் திரும்ப உள்ளே போனார்கள். ஒருத்தர் தொடையில் கொதிக்கிற தண்ணீரைக் கொட்டினார்கள். வளவுக்குள் புகுந்து ஒரு கூரைக்குத் தீ வைத்தார்கள், இரண்டு ஆடு வெந்து செத்தது. தோப்பு வேலையை நிறுத்திப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். இவர்கள் கூலிக்குப் பொள்ளாச்சி வரை நடந்தார்கள், ஆனால் பெஞ்சை விடவில்லை. மருதாசலம் தினமும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். விரட்டிவிட்ட மாடு பட்டியைச் சுற்றிச் சுற்றி வருமே, அந்தக் கதைதான்.

தொண்ணூற்று மூன்று மாசியில் ஒரு காலை. கதிரேசனும் இன்னும் மூவரும் பெஞ்சில் இருந்தார்கள். தேங்காய் லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து கந்தப்பன் இறங்கினார், கூட இரண்டு பேர். கந்தப்பன் கையில் லாரியின் ஜாக்கி ராடு இருந்தது. எந்திரிடா என்றுகூடச் சொல்லவில்லை. முதல் அடியில் கதிரேசனின் தோள் இறங்கிப் போனது. மற்ற மூவரையும் கூட வந்தவர்கள் வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். கதிரேசன் விழுந்து, பெஞ்சைப் பிடித்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "ஏனுங்க, ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போயிர்றேனுங்க" என்றார். முழங்காலில் அடுத்த அடி விழுந்தது.

மருதாசலம் ரோட்டைத் தாண்டி ஓடினான். வழியில் கிடந்த கல் அவன் கைக்கு வந்துவிட்டது. கந்தப்பனின் பின்மண்டை அவனுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. குறி தப்பாது. அப்போது கதிரேசன் அவனைப் பார்த்துவிட்டார். வாயெல்லாம் ரத்தம்.

"வேண்டாமுங்கண்ணா. கீழ போடுங்க."

மருதாசலம் கல்லைக் கீழே போட்டான். வாழ்க்கையில் அவன் கை ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை. போட்ட கல் தரையில் விழுந்த அதே நேரம் ராடு கதிரேசனின் தலையில் இறங்கியது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வேனுக்குள், மருதாசலத்தின் மடியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவனிடம் பாவாத்தாள், "குளிச்சுப்போட்டு ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கடையில் கீழே போட்ட கல்லின் கோபத்தை அவன் அன்றைக்கு அவள் மேல் இறக்கினான். விறகுக் கட்டையால் அடித்தான். தடுக்க நீட்டிய அவள் வலது மணிக்கட்டு உடைந்து தொங்கியது. அவள் அலறல் கேட்டு வந்தவர்கள் அவனைத் தூணில் கட்டிவைத்தார்கள். அந்த மணிக்கட்டு கோணலாகவே கூடிக்கொண்டது. அதற்கப்புறம் குடத்தை இடது இடுப்பில்தான் வைத்தாள்.

வழக்கு மூன்று வருஷம் நடந்தது. டீக்கடைக்காரர் லட்சுமணசாமி, "வழுக்கி விழுந்து அடுப்புத் திண்டுல தலை மோதிருச்சுங்க" என்று சாட்சி சொன்னார். கூட அடிபட்ட மூவரும் மயங்கிக் கிடந்தார்கள், எதையும் பார்த்திருக்க முடியாது என்று அவர்கள் சாட்சியைத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே கண் மருதாசலத்தின் கண். கோயமுத்தூர் கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்று பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். கந்தப்பனின் வக்கீல் அவனிடம் ராடைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"நீ யார் யாரை அடிச்சிருக்கே, சொல்லு பார்ப்போம்."

அவன் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

"செத்தவனைப் புதைச்ச அன்னைக்கே பொண்டாட்டி கையை உடைச்சவன்தானே நீ? வாயைத் திறந்து சொல்லுடா!"

அந்த அதட்டலில் அவனுக்குள் ஏழெட்டுத் தலைமுறை எழுந்து கைகட்டி நின்றுவிட்டது. "ஆமாங்க, சாமி" என்றான்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவன் காதுக்கு எட்டியது. எந்த ஒரு சொல்லைச் சொல்லமாட்டேன் என்று கதிரேசன் மண்டை பிளந்து செத்தாரோ, அந்தச் சொல்லைக் கொன்றவர் முன்னால், கொன்றவரின் வக்கீலுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டான். கந்தப்பன் வாய்விட்டுச் சிரித்தார். பின்வரிசையில் பாவாத்தாள் கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த ரௌடியின் சாட்சியை நம்ப முடியாது என்று முடிவாகி, தொண்ணூற்று ஆறில் கந்தப்பனை விட்டுவிட்டார்கள். உக்கடத்தில் பஸ் ஏறியதிலிருந்து ஊர் வரும் வரை மருதாசலம் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். ஆனால் ஆறுதல் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவன் அவளைத் தொட்டு அடிக்கவில்லை. திருந்திவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். கை எழும், ஆணியில் மாட்டியது போல் பாதியில் நிற்கும், அவன் எழுந்து தோப்புப் பக்கம் போய்விடுவான். நின்ற கையைப் பார்த்தே அவள் பயந்தாள். ஓங்கின கைக்கும் ஒடம்பு நடுங்கத்தானே செய்யும்?

கதிரேசன் போனதோடு பெஞ்சும் போய்விட்டது என்று ஊர் நினைத்தது. ஆம்பளைகள் மறுபடி ஆணியில் தொங்கிய டம்ளரை எடுத்தார்கள். தொண்ணூற்று ஏழு தை கழிந்து ஒரு நாள் பாவாத்தாள் பக்கத்து வீட்டு மாரியாத்தாளையும் அவள் மருமகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "ஆம்பளைங்கள அனுப்பறதுக்குத்தான் அந்த மனுசன் எங்ககிட்டக் கேக்கச் சொன்னாரு. நாங்க போறதுக்கு யாருகிட்டயும் கேக்கச் சொல்லலை" என்றாள். தறிக்காரர் விதைத்துவிட்டுப் போனது இவளிடம்தான் முளைத்திருந்தது.

"நானும் வரட்டா?" என்றான் மருதாசலம்.

"வேண்டாமுங்க."

அவன் புளியமரத்தடியில் போய் நின்றான். மூன்று பெண்களும் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லட்சுமணசாமி டீ ஆற்றிய குவளையை வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். தகவல் போகாமல் இருக்குமா? கந்தப்பன் மோட்டார் சைக்கிளில் வந்தார். இந்தத் தடவை தனியாக, சுருட்டிய மாட்டு வார்ப்பட்டையோடு வந்தார். பொம்பளைகளுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்.

"கதிரேசன் போன எடத்துக்கே போவோணுமாடி உங்களுக்கு?"

"டீ குடிக்க வந்தோமுங்க" என்றாள் பாவாத்தாள்.

கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவள் தலை சுவரில் மோதியது, உதடு கிழிந்தது. மாரியாத்தாளின் மருமகளை முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். மாரியாத்தாளின் முதுகில் வார் இரண்டு முறை இறங்கியது. பாவாத்தாள் தலையை மூடிக்கொள்ளவில்லை, கீழே சுருளவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குள் மருதாசலம் வந்துவிட்டான். கந்தப்பனின் சட்டைக் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்துத் திருப்பினான். வலது கை மேலே போய்விட்டது. தேங்காய் உரித்த கை. கோர்ட்டும் சிரிப்பும் கதிரேசனின் ரத்தமும் சேர்ந்து ஏறிய கை. இறங்கினால் கந்தப்பன் எழுந்திருக்கமாட்டார். அது அவனுக்கும் தெரியும், அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

பாவாத்தாள் உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டு கந்தப்பனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏனுங்க, இதெல்லாம் எனக்கொரு அடிங்களா? இதைய விட ஓங்கி அடிச்சவருதானுங்க உங்க கழுத்தப் புடிச்சிருக்கறாரு."

குரலில் கோபமே இல்லை. சந்தை விலை சொல்வது மாதிரி சொன்னாள். மருதாசலத்துக்குக் கந்தப்பன் முகம் தெரிந்தது, பக்கத்தில் தன் முகமும் தெரிந்தது. கோயில் முன்னால் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடியது வேஷம் இல்லை என்று அந்த நிமிஷம் அவனுக்குப் புரிந்துபோனது. இரண்டு பேருக்கும் ஒரே கை. அவன் சட்டையை விட்டான். ஓங்கிய கையை இறக்கி, மற்றக் கையோடு சேர்த்துப் பின்னால் கட்டிக்கொண்டான்.

தப்பித்த கந்தப்பனுக்கு வெறி தலைக்கேறியது. வாரால் முகத்தில் அடித்தார். கீழே தள்ளி விலாவில் மிதித்தார். எலும்பு முறிந்த சத்தம் கடைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "சாமின்னு சொல்லுடா நாயே. கோர்ட்டில சொன்னியல்ல, இப்பச் சொல்லு, உட்டர்றேன்."

"சொல்ல மாட்டேனுங்க."

பல் தெறித்தது. "சொல்லுடா!"

"மாட்டேனுங்க. அடிங்க."

கந்தப்பன் திரும்பி, அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை உருவினார். லட்சுமணசாமி குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"போதும் மாப்ள. போன தடவ வழுக்கி உழுந்தான்னு உனக்காகச் சொன்னேன். நாலு வருசமா இந்தத் திண்டுல டீ ஆத்தறப்பெல்லாம் அந்தாளு ஒரு டீ குடுங்கன்னு கேட்டுட்டே இருக்கறாரு. இன்னொருக்கா என்னால சொல்ல முடியாது. நீ அடிச்சா, அடிச்சேன்னுதான் சொல்லுவேன்."

கந்தப்பன் அவரை முறைத்தார். விறகை அடுப்பில் எறிந்துவிட்டு, வண்டியை உதைத்துக் கிளம்பிப் போனார். லட்சுமணசாமி வெகுநேரம் கைகளைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு மூன்று கண்ணாடி டம்ளரைக் கழுவி, டீ ஆற்றிக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

மருதாசலம் தரையில் எழுந்து உட்கார்ந்தான். ஒரு கண் மூடிவிட்டது. மற்றக் கண்ணால் பெஞ்சைப் பார்த்தான். பாவாத்தாளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடமிருந்தது.

"உக்காரட்டுங்களா?" என்றான் அவளிடம்.

கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அவன் அவளுக்கு 'ங்க' போட்டதில்லை. மாரியாத்தாள் திரும்பிப் பார்த்தாள். பாவாத்தாள் கிழிந்த உதட்டோடு மெதுவாக டீயைக் குடித்து முடித்தாள்.

"தோட்டத்துல அடி வாங்கிப்போட்டு என்ற மாமனாரு ஊட்டுக்கு எப்படி வந்தாருன்னு நீங்க பாத்திருக்கறீங்க. நீங்க எப்படி வந்தீங்கன்னு நான் பாத்திருக்கறேன். இன்னைக்கு எப்படி வாரீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேனுங்க."

பெண்கள் மூவரும் எழுந்து போனார்கள். அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, வெயில் ஏறின பிறகு வீடு வந்து சேர்ந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே அவள் இடது கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், நிழல் விழுந்ததும் தோள் குறுகியது. அதை அவன் பார்த்தான். அவன் படியேறாமல் அங்கேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி முழங்கால் மேல் வைத்தான்.

"நான் இங்கயே உக்காந்துக்கறேனுங்க. உங்களுக்குப் பயமில்லாதப்ப உள்ள வாரேன்" என்றான்.

அன்று முழுக்க அவன் வாசலில் இருந்தான். சோறும் தண்ணீரும் அவனுக்கு அங்கேயே வந்தன. மறுநாள் காலையில் மாரியாத்தாள் வந்து கூப்பிட்டபோது, பாவாத்தாள் அவனைத் தாண்டி வெளியே வந்து நின்றாள். "எனக்கு இன்னும் பயம் போகலைங்க" என்றாள். பிறகு, "கடைக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.